குமரிக் கடற்கரையில் படம் எடுக்க எது நேரம்?

6 ஏப்ரல் 2025 (வாசகர் ஒருவரின் கேள்வி)

கன்னியாகுமரிக்கு மூன்று நாள் படம் எடுக்க வருகிறேன். சூரியன் எழுந்த பின் ஒரு மணி நேரம், மறைவதற்கு முன் ஒரு மணி நேரம், இவை தவிர மற்ற வேளையில் கடற்கரையில் கேமராவை வெளியே எடுப்பது வீண் என்றுதான் படித்திருக்கிறேன். விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, புதிய கண்ணாடிப் பாலம் ஆகியவற்றை முதல் நாளிலேயே முடித்துவிடலாம். மீதி நாட்களில் என்ன எடுப்பது? பகல் முழுவதும் அறையில்தான் இருக்க வேண்டுமா?

7 ஏப்ரல் 2025

ஒரு மணி நேரம் என்ற கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். அந்த அறிவுரை பெரும்பாலும் நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் வடக்கே இருக்கும் நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகளிலிருந்து வருகிறது. கன்னியாகுமரி ஏறத்தாழ 8 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் இங்கே சூரியன் சாய்வாக நகராமல் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறுகிறது. அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயரத்தை எட்டும் வரைதான் அந்தப் பொன்னிற வெளிச்சம் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், பங்குனி மாதத்தில் லண்டனில் அதற்கு 40 நிமிடம் அளவில் ஆகிறது. இங்கே 25 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இந்த வாரத்தில் சூரியன் 6.15 அளவில் எழுகிறது என்றால், 6.40-க்கெல்லாம் நீங்கள் நம்பி வந்த வெளிச்சம் போய்விடும்.

அந்த 25 நிமிடத்தில் முக்கடல் கூடும் முனையில் என்ன நடக்கிறது? வெளியூரிலிருந்து வந்தவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்து நிற்கிறார்கள். அதுவும் எடுக்கத் தகுந்த காட்சிதான். ஆனால் கரையில் வாழ்கிறவர்களின் நாள் அந்தப் 25 நிமிடத்துக்குள் அடங்குவதில்லை. கிழக்கே சின்னமுட்டத்திலிருந்து மேற்கே கேரள எல்லையை ஒட்டிய நீரோடி வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்கு நீளும் இந்தக் கரையில் அடுத்தடுத்து மீனவ ஊர்கள் இருக்கின்றன, ஒவ்வொரு துறைக்கும் ஒரு நேரக்கணக்கு உண்டு. வெளிச்சத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்வதற்கு முன் வேலையின் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதே என் பதில். குளச்சலில் படக்கடை நடத்தியவன் என்ற முறையிலும், கடையை மூடிய பிறகு கேமராவோடு இந்தக் கரையில் நடந்துகொண்டிருப்பவன் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன்.

8 ஏப்ரல் 2025

நேற்று எழுதியதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "வேலையின் நேரம்" என்று பொதுவாகச் சொன்னால் வெளியூர்க்காரருக்குப் பயன்படாது.

சின்னமுட்டத்தின் விசைப்படகுகள் அதிகாலை 5 மணிக்குக் கடலுக்குப் போய் இரவு 9 மணிக்குள் கரை திரும்புகின்றன. ஆகவே அந்தத் துறைமுகத்தில் படகுகள் வரிசையாகப் புறப்படுவதும் இருட்டில்தான், மீன் இறங்குவதும் ஏலம் நடப்பதும் இருட்டில்தான். அங்கே பகலில் போய் நின்றுவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று திரும்பிய நண்பர்களை எனக்குத் தெரியும்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் நிலைமை வேறு. அங்குள்ள விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கித் தொழில் செய்கின்றன. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை வட்டாரத்து ஆழ்கடல் தொழிலாளர்களோ வாரக்கணக்கில் திரும்புவதில்லை; அரபிக்கடலில் வெகுதொலைவு போகிறார்கள், கொச்சி போன்ற வேறு துறைமுகங்களில் மீன் இறக்குகிறார்கள். அந்த ஊர்களில் ஆண்கள் கரையில் இல்லாத நாட்களே அதிகம். அந்த ஊரின் அன்றாடம் என்பது பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் நடத்துகிற அன்றாடம். அங்கே போய்ப் படகையும் வலையையும் மட்டும் தேடுகிறவர் ஊரையே காணாமல் திரும்புவார்.

இதற்கு இடையில் வள்ளக்காரர்கள் இருக்கிறார்கள். பைபர் வள்ளங்கள் (கண்ணாடியிழையால் செய்த சிறு படகுகள்) பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ போய்க் காலையில் வந்து ஏறுகின்றன. சாளையும் நெத்திலியும் அயலையும் வருகிற காலத்தில் காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை மணலில் நடக்கும் ஏலத்தைப் பார்க்க வேண்டும். வெயில் நன்றாக ஏறியிருக்கும். மீனின் முதுகில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும், ஏலக்காரரின் குரலுக்கு நடுவில் கடவங்களும் (ஓலைப் பெட்டிகள்) சருவங்களும் (அகன்ற பாத்திரங்கள்) கைமாறும். கையேட்டின்படி அது கேமராவை மூடிவிட வேண்டிய நேரம்.

கரமடி (கரையிலிருந்து இழுக்கும் பெருவலை) இழுப்பதைப் பார்க்க விரும்பினால் நேரத்தைவிடக் கடலின் நிலையைத்தான் விசாரிக்க வேண்டும். மடியைக் கடலில் விட்டுவிட்டு இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடித்து இழுத்துக் கரை சேர்க்க நெடுநேரம் ஆகும். முதல் கால்மணி நேரத்தில் எடுக்கும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மடியின் பை கரையை நெருங்கும்போது இழுப்பவர்களின் கால்கள் மணலில் எப்படிப் புதைகின்றன, யார் முதலில் தண்ணீருக்குள் இறங்குகிறார், கரையில் காத்திருக்கும் பெண்கள் எந்தக் கணத்தில் எழுந்து நடக்கத் தொடங்குகிறார்கள் என்பவையெல்லாம் பொறுமையாக நின்றவருக்கே கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான துறைகளில் அன்று தொழில் இல்லை. கரையில் படகுகள் சும்மா கிடக்கும், ஊர் முழுவதும் கோயிலிலும் வீட்டிலும் இருக்கும். மூன்று நாள் பயணத்தில் ஞாயிறு விழுந்தால் அன்று மாலை கடற்கரை மணலில் நடக்கும் கால்பந்தாட்டத்தைப் பாருங்கள். இந்தக் கரையில் பிள்ளைகள் நடக்கப் பழகியதும் பந்தை உதைக்கிறார்கள்.

11 ஏப்ரல் 2025

நடுப்பகலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்று எழுதப் பொருத்தமான நாள். சித்திரை பிறப்பதற்குச் சில நாள் முன்னும் ஆவணியின் நடுவிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. இன்று பகல் 12.20 அளவில் ராஜாக்கமங்கலம் துறையில் ஊன்றியிருந்த கம்பு ஒன்றுக்கு நிழலே இல்லை. நின்றிருந்தவர்களின் நிழல் காலடிக்குள் அடங்கியிருந்தது.

இந்த வெளிச்சத்தில் முகத்தை எடுத்தால் கண்குழி கறுத்துவிடும் என்பது உண்மைதான். ஆகவே வெட்டவெளியில் முகத்தை எடுக்காதீர்கள். ஓலைப்பந்தலுக்குள்ளும் தார்ப்பாய் நிழலுக்குள்ளும் உட்கார்ந்து கிழிந்த வலையை முடிந்து சரிசெய்கிறவர்களிடம் போங்கள். வெளியே மணலில் விழும் வெயில் கீழிருந்து திரும்பி நிழலுக்குள் வருகிறது. தாடையும் கன்னமும் கைகளும் மென்மையாக ஒளி பெறுகின்றன. படக்கடையில் வெள்ளைத் துணியையும் தகட்டையும் வைத்துச் செய்ததை இங்கே மணலே செய்கிறது. வலை ஊசி போகிற வேகம் பழகாத கண்ணுக்குப் பிடிபடாது. 1/250 நொடியைவிட மெதுவான ஷட்டர் வேகத்தில் விரல்கள் கலங்கிவிடும், சில வேளை அந்தக் கலங்கலே நன்றாகவும் இருக்கும்.

வெட்டவெளியில் எடுக்க வேண்டுமானால் மேலிருந்து பாருங்கள். நெத்திலி காயப்போடும் இடத்தில் நடுப்பகலில்தான் புரட்டிப் போடுவார்கள். ஒரு திண்ணையிலோ மாடியிலோ நின்று கீழே பார்த்தால், நிழல் இல்லாத அந்த வெளிச்சம் மீன்களைக் கோலப்புள்ளிகள் போலத் தனித்தனியாகக் காட்டுகிறது. சாய்வான காலை வெளிச்சத்தில் இது கிடைக்காது.

12 ஏப்ரல் 2025

மேலே மணல் வெளிச்சத்தைத் திருப்பும் என்று எழுதியது எல்லாக் கரைக்கும் பொருந்தாது என்று ஒரு வாசகர் சுட்டியிருக்கிறார், சரியான கருத்து. மணவாளக்குறிச்சி, பெரியவிளைப் பக்கம் மணல் கறுப்பு. இல்மனைட் என்ற கறுப்புக் கனிமம் கலந்த மணல் அது. அதைப் பிரிப்பதற்காகத்தான் அங்கே மணல் ஆலை இருக்கிறது. கார்னெட் என்ற கனிமம் கூடுதலாகச் சேரும் இடத்தில் சிவப்பு ஏறும். கறுப்பு மணல் வெளிச்சத்தைக் குடித்துவிடுமே தவிரத் திருப்பித் தராது.

கேமராவின் ஒளியளவி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கறுப்பு மணல் படச் சட்டத்தில் நிறைந்திருந்தால் ஒளியளவி வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாக விடும். மணல் வெளுத்துச் சாம்பலாகும், அதன் மேல் கிடக்கும் மீன் அளவுக்கு மீறி வெளுத்துவிடும். ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் வரை குறைத்து எடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). புத்தளத்து உப்பளத்தில் உப்புக் குவியலை எடுக்கும்போது இதற்கு நேர்மாறாகக் கூட்டி எடுக்க வேண்டும்.

16 ஏப்ரல் 2025

நேற்று முதல் கிழக்குக் கடற்கரைக்கான மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை, 61 நாள். நம் மாவட்டத்தின் தனித்தன்மை என்னவென்றால் இரண்டு தடையும் இங்கே உண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருகிறது. குளச்சலும் முட்டமும் தேங்காய்ப்பட்டணமும் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை அடைபடும். ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரம் மாவட்டத்தில் எந்த விசைப்படகும் கடலுக்குப் போகாது. வள்ளங்களுக்கும் கட்டுமரங்களுக்கும் இந்தத் தடை இல்லை.

தடைக்காலத்தில் படம் எடுக்க ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். இப்போதுதான் படகின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியும். ஆண்டு முழுவதும் தண்ணீருக்குள் இருக்கும் பலகையைச் சுரண்டுகிறார்கள், வண்ணம் பூசுகிறார்கள், இயந்திரத்தைக் கழற்றி எண்ணெய்த் துணியின் மேல் பரப்புகிறார்கள். படகின் முகப்பில் பெயர் எழுதும் ஓவியர் ஒருவரின் பின்னால் இன்று நெடுநேரம் நின்றேன். எழுத்துக்குக் கோடு போடாமல் நேரடியாகத் தூரிகையை வைக்கிறார். மாதா பெயரை முடித்துவிட்டு அருகில் இருந்த படகில் பேரக்குழந்தையின் பெயரைத் தொடங்கினார். அந்தக் கையைத்தான் எடுத்தேன், முகத்தை எடுக்கவில்லை. அவர் முகம் வேண்டாம் என்றார்.

27 ஏப்ரல் 2025

"முகம் வேண்டாம் என்றார்" என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்: கேட்டுவிட்டு எடுப்பதா, எடுத்துவிட்டுக் கேட்பதா? கேட்டால் இயல்பு கெட்டுவிடாதா?

என் வழக்கத்தைச் சொல்கிறேன். புதிய துறைக்குப் போனால் முதல் முறை கேமராவைப் பையிலிருந்து எடுப்பதில்லை. தேநீர்க் கடையில் உட்காருகிறேன், ஏலத்தில் நின்று மீன் வாங்குகிறேன், எந்த ஊர், யார் வீடு என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். கடற்கரை ஊரில் அந்நியர் ஒருவர் வந்து நிற்கிறார் என்பது பத்து நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். அவர் யார் என்று தெரியும் வரை யாரும் இயல்பாக இருக்க மாட்டார்கள். நீங்கள் தேடும் "இயல்பு" கேமராவை மறைத்து வைப்பதால் வருவதில்லை. உங்களை அவர்கள் அறிந்துகொண்ட பிறகு வருகிறது. இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ கேமராவைத் தூக்கும்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் பிடிப்பதை நான் விரும்புவதில்லை. அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டால் கிட்டப் போயாக வேண்டும். கிட்டப் போனால் பேசியாக வேண்டும். பேசினால் பெயர் தெரியும், என்ன வலை, என்ன மீன், என்ன விலை போனது என்பதெல்லாம் தெரியும். தெரிந்த பிறகு எடுத்த படத்துக்கும் தெரியாமல் எடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டை என் பழைய படங்களிலேயே காட்ட முடியும்.

ஏலத்தில் ஒரு நாள் நான் ஏலக்காரருக்கும் வாங்குகிறவர்களுக்கும் நடுவில் போய் நின்றபோது ஒரு முதியவர் சொன்னார்: "சாரே, கொஞ்சம் அங்கிட்டு மாறி நில்லும். நீரு எடுக்கது படம், அவரு எடுக்கது எங்க சோறு." அன்றிலிருந்து ஏலத்தில் எப்போதும் ஏலக்காரரின் முதுகுப் பக்கம்தான் நிற்கிறேன். வாங்குகிறவர்களின் முகங்கள் அங்கிருந்துதான் நன்றாகத் தெரிகின்றன என்பதையும் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்.

தலைச்சுமையாக மீன் விற்கப் போகும் அக்காமார்களிடம் இன்னொரு கவனம் வேண்டும். விடியலில் கடன் வாங்கி மீன் எடுத்து, பேருந்தேறி, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று உள்நாட்டுச் சந்தைகளுக்கும் தெருக்களுக்கும் போகிறவர்கள் அவர்கள். ஒருவர் என்னிடம், "எடுத்துக்கிடும் சாரே, துட்டு எண்ணும்போது மட்டும் வேண்டாம்" என்றார். காரணத்தைக் கேட்கவில்லை, அன்றைய வரவு யாருக்கெல்லாம் தெரியக் கூடாது என்பது அவருடைய வாழ்க்கை. அவர் பணம் எண்ணும் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

28 ஏப்ரல் 2025

நேற்று விட்டுப்போனது: படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்சப்பில் அனுப்புவது அச்சுக்கு ஈடாகாது, கைபேசி மாறும்போது அது போய்விடும். 6-க்கு 8 அங்குல அளவு போதும். உப்புக்காற்றில் தாள் சீக்கிரம் நெளிந்துவிடும், அதனால் கண்ணாடித்தாள் ஒட்டிக் கொடுங்கள்.

13 மே 2025

நேற்று சித்திரா பௌர்ணமி. மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே கடலிலிருந்து நிலா எழுவதைக் காண முனையில் பெருங்கூட்டம். "இப்போது வெளிச்சத்தின் நேரத்துக்காகத்தானே போனீர்கள்?" என்று முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் எழுதியிருக்கிறார். ஆம், அதற்காகவும் போனேன். வெளிச்சத்தைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. அதை மட்டும் நம்பி வர வேண்டாம் என்கிறேன். முழுநிலா எழும் அந்தச் சில நிமிடங்களில்தான் நிலாவின் பிரகாசமும் கரையின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அரைமணி தாமதித்தால் நிலா வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும், அல்லது கரை இருண்டுவிடும். நான் எடுத்தது கூட்டத்தை. பாதிப்பேர் மேற்கே பார்க்கிறார்கள், பாதிப்பேர் கிழக்கே பார்க்கிறார்கள், சோழி மாலை விற்கும் பெண் இரண்டு பக்கமும் பாராமல் கூட்டத்தின் கைகளைப் பார்க்கிறார்.

வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது திசையையும் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரியிலிருந்து முட்டம் வரை கரை ஏறக்குறைய மேற்கே ஓடுகிறது. முட்டத்துக்கு அப்பால் வடமேற்கே திரும்புகிறது. அதனால் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் முனையிலிருந்து பார்த்தால் சூரியன் கரைக்கு மேல்தான் மறையும். ஏமாந்தேன் என்று பலர் எழுதுவது அந்த மாதங்களில் வந்துவிட்டுத்தான். முட்டத்துக் கலங்கரை விளக்கத்தை ஒட்டிய பாறைகளிலிருந்து பார்த்தால் எல்லா மாதமும் கடலில்தான் மறைகிறது. அங்கே போகிறவர்கள் பாறையில் தூண்டில் போடும் பையன்களையும் கவனியுங்கள். எந்தப் பாறையில் எந்த நேரத்தில் அலை ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் நிற்காத பாறையில் நீங்களும் நிற்க வேண்டாம்.

2 ஜூன் 2025

மேற்குக் கரையும் அடைபட்டுவிட்டது. இந்த முறை தடைக்காலம் வேறொன்றோடு சேர்ந்து வந்திருக்கிறது. மே 25 அன்று கேரளக் கடலில் மூழ்கிய சரக்குக் கப்பலிலிருந்து வெளிப்பட்ட பிளாஸ்டிக் குருணைகள் நம் மேற்குக் கரையிலும் ஒதுங்கியிருக்கின்றன. பருப்பு அளவு வெள்ளை மணிகள். அலை ஏறி இறங்கும் கோட்டில் வரிசையாகப் படிந்து கிடக்கின்றன. சல்லடையும் முறமும் வைத்து மணலிலிருந்து பிரிக்கிறார்கள். தொலைவிலிருந்து எடுத்தால் நுரை என்றே எண்ணத் தோன்றும். ஒரு உள்ளங்கையில் மணலோடு அள்ளிக் காட்டச் சொல்லி எடுத்தேன். அளவு புரிவதற்கு ஒரு கை வேண்டியிருக்கிறது. அழகான படம் வேண்டி வருகிறவர்களும் இதை எடுக்க வேண்டும். இந்தக் கரையின் 2025-ஆம் ஆண்டு அன்றாடம் இதுவும்தான்.

15 ஜூன் 2025

தொழிலாளியின் வேலை, வேலையின் நேரம் என்று ஏன் இவ்வளவு அழுத்துகிறீர்கள், படம் என்பது கலைதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நேரடியாகப் பதில் சொல்கிறேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியது. கடலில் இருந்த ஏராளமானவர்கள் திரும்பவில்லை. தூத்தூர் வட்டாரத்து ஊர்கள் பெரும் இழப்பைச் சந்தித்தன. அடுத்த வாரங்களில் என் கடைக்கு வந்தவர்கள் ஒரு படத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னார்கள். அவர்கள் கையில் இருந்தவை குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, மீனவர் அடையாள அட்டை. நகத்தளவுப் படம். கண்கள் கேமராவின் வெளிச்சத்தில் மிரண்டிருக்கும். அதைப் பெரிதாக்கினால் புள்ளிகள்தான் பெரிதாகும். கல்யாண ஆல்பம் இருந்தவர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். ஒரு இளம்பெண் தன் கணவரின் கல்யாணப் படத்தைக் காட்டிவிட்டு, இதில் இருக்கிற மாதிரி அவர் ஒரு நாளும் இருந்ததில்லை, கடலுக்குப் போகும்போது இருக்கிற மாதிரி ஒரு படம் யாரிடமாவது இருக்குமா என்று கேட்டார். என்னிடம் இல்லை. அவருடைய ஊரில் யாரிடமும் இல்லை.

படக்கடைக்காரனான நான் அந்த ஊர்களின் கல்யாணங்களையும் முதல் நற்கருணை விழாக்களையும் ஆண்டுக்கணக்கில் எடுத்திருக்கிறேன். வேட்டி சட்டையில், மாலையில், பூக்களுக்கு நடுவில் எல்லாரையும் எடுத்திருக்கிறேன். அவர்கள் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த இடத்தில், அவர்கள் கைக்கு நன்றாகத் தெரிந்த வேலையில் அவர்களை யாரும் எடுக்கவில்லை. அதன் பிறகுதான் கரைக்குப் போகத் தொடங்கினேன். ஆகவே எனக்கு வெளிச்சம் இரண்டாவதாக வருகிறது.

இன்று இளைஞர்கள் பலர் நடுக்கடலிலிருந்தே கைபேசியில் காணொளி எடுத்துப் போடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு நிறைவாக இருக்கிறது. மடி ஏறும் கணத்தைக் கரையில் நிற்கும் எவராலும் அப்படி எடுக்க முடியாது.

20 ஜூலை 2025

ஆடிக்கடல். சூழலைக் கேட்டு எழுதியவருக்கு: இப்போது வந்தால் கேமராவுக்கு உறை கட்டாயம். காற்றில் வரும் உப்பு நீர்த்துளி லென்ஸில் படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புப் படிகம் கண்ணாடியைக் கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் முதலில் ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு துடையுங்கள். குளிர்பதன அறையிலிருந்து நேரே வெளியே வந்தால் லென்ஸ் வியர்க்கும். பையை மூடியபடியே கால்மணி நேரம் வெளியே வைத்திருந்துவிட்டுத் திறவுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் பொட்டலம் பையில் எப்போதும் இருக்கட்டும்.

அலையைப் படம் எடுப்பதில் இப்போது எனக்குத் தயக்கம் உண்டு. இரவிபுத்தன்துறை, வள்ளவிளைப் பக்கம் அலை கற்சுவரைத் தாண்டித் தெறிக்கும் காட்சியைப் பார்த்து வெளியூரார் மகிழ்கிறார்கள். அந்த அலை ஒருவரின் வீட்டுச் சுவரில் விழுகிறது. தூண்டில் வளைவு (அலையின் வேகத்தைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டும் கற்சுவர்) வேண்டும் என்று ஊர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பது அதனால்தான். அலையை எடுத்தால் சுவரையும் சட்டத்துக்குள் சேர்த்து எடுக்கிறேன். சுவருக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிறவர் சம்மதித்தால் அவரையும் சேர்க்கிறேன்.

1 ஆகஸ்ட் 2025

நேற்று நள்ளிரவோடு தடை முடிந்தது. குளச்சல் துறைமுகத்தில் மாலையிலிருந்தே ஐஸ் கட்டியை உடைத்து அறைகளில் கொட்டுகிறார்கள், டீசல் ஏற்றுகிறார்கள், அரிசியும் காய்கறியும் குடிநீரும் ஏறுகின்றன. இரவு விளக்கில் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மின்கம்பத்து விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன, கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 3200-க்கு ஏற்றுங்கள்.

17 ஆகஸ்ட் 2025

முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் வந்து போய்ப் படங்களை அனுப்பியிருக்கிறார். அவற்றில் சூரியன் எழும் படங்கள் நேர்த்தியாக இருக்கின்றன. ஆனால் எனக்குப் பிடித்தது மணக்குடிப் பொழிமுகத்தில் காலை 10 மணிக்கு எடுத்த படம். பழையாறு கடலில் சேரும் இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஒருவர் வீச்சுவலையை உதறுகிறார். வெயில் கடுமையாக இருக்கிறது, வலையிலிருந்து சிதறும் நீர்த்துளி ஒவ்வொன்றும் அதனால்தான் தெரிகிறது. பின்னால் 2004 சுனாமிக்குப் பின் கட்டிய பாலம். அங்கே முன்பிருந்த பாலத்தை அலை அடித்துக்கொண்டு போனது என்பதை வலை வீசியவரே அவரிடம் சொன்னாராம். கேட்டிருக்கிறார், அதனால் பாலத்தைச் சட்டத்துக்குள் சேர்த்திருக்கிறார்.

ஒரு குறை உண்டு. படங்களுக்குக் குறிப்பு எழுதவில்லை. ஊர், நாள், நேரம், கலம் வள்ளமா கட்டுமரமா, என்ன வலை, என்ன மீன் என்பவற்றை அன்றிரவே எழுதி வையுங்கள். ஆளின் பெயரை அவர் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். "மீனவர், கன்னியாகுமரி" என்று மட்டும் எழுதினால் இருபது ஆண்டு கழித்து அந்தப் படத்தில் இருப்பவரின் பேரனுக்கு அது பயன்படாது.

24 ஆகஸ்ட் 2025

குறிப்பு எழுதுவதைப் பற்றிச் சொன்ன பிறகு கடையின் பழைய நெகட்டிவ் பெட்டிகளைத் திறந்தேன். சிலவற்றில் பூஞ்சை ஏறிவிட்டது; மீதியை ஸ்கேன் செய்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போகும் வழியில் கரையில் நின்று எடுத்த சில சட்டங்கள் நடுவே இருக்கின்றன. குளச்சலிலும் கோடிமுனையிலும் மணலில் கட்டுமரங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. இன்று அந்த இடத்தில் பைபர் வள்ளங்கள் கிடக்கின்றன. அந்த மரங்கள் அளவிலும் கட்டிலும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. எது எந்தத் தொழிலுக்கு உரியது, எத்தனை பேர் போவார்கள் என்பவற்றை எழுத எனக்கு உதவி தேவை. கட்டுமரத்தில் தொழில் செய்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் படங்களை அச்சிட்டு நானே கொண்டுவருகிறேன். எந்த ஊர், எந்தக் கிழமை வரலாம் என்று மட்டும் எழுதுங்கள்.